வடசென்னையின் மேடைகளும் சுவர்களும்

மார்கழிக் கச்சேரிகளின் பட்டியல் வெளியானதும், அதில் இராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்று ஏதாவதொரு பெயர் தென்படுகிறதா என்று பார்ப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். எஸ்பிளனேடில் இருக்கும் ராஜா அண்ணாமலை மன்றத்தைத் தவிர்த்துவிட்டால் அநேகமாக ஒன்றும் தேறாது. மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் என்று பட்டியல் கூவத்துக்குத் தெற்கேயே சுற்றி முடிந்துவிடும். இதைப் பார்த்துப் பழகிய தென்சென்னை நண்பர்கள், எங்கள் பக்கத்தில் துறைமுகமும் தொழிற்சாலைகளும் மீன்பிடித் துறையும் உண்டு, அரங்கம் என்ற ஒன்று மட்டும் என்றுமே இருந்ததில்லை என்று உறுதியாக நம்புகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. இந்நகரத்தின் மேடைகள் வடக்கில்தான் தொடங்கின. அவை எப்படி இடம் மாறின, அதன்பின் இங்கே எஞ்சியிருப்பவை எவை, இன்று எங்களுக்கு எப்படிப்பட்ட அரங்கம் வேண்டும் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

மியூசிக் அகாதெமியிலிருந்தே தொடங்குகிறேன். 1927ஆம் ஆண்டு சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதனுடன் சேர்ந்து நடந்த இசை மாநாட்டின் விளைவாக எழுந்த அந்த அமைப்பை, 1928 ஆகஸ்ட் 18 அன்று சர் சி. பி. இராமசுவாமி ஐயர் தொடங்கிவைத்தார். தொடங்கிவைத்த இடம் மயிலாப்பூர் அல்ல. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே எஸ்பிளனேடில் இன்றும் செங்கல் நிறத்தில் நிற்கும் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அரங்கம். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அரண்மனைக்காரன் தெரு என்றே சொல்லிவந்த ஆர்மீனியன் தெருவில், அன்னி பெசன்ட் 1914இல் தொடங்கிய இளைஞர் சங்கத்துக்காக எழுப்பிய கோகலே மண்டபம் இருக்கிறது. சுயாட்சி இயக்கத்தின் சொற்பொழிவுகளும் அக்காலத்துப் பெரும் வித்துவான்களின் கச்சேரிகளும் ஒரே மேடையில் மாறிமாறி நடந்த இடம் அது. இந்த நூற்றாண்டில் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டு, விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. பாரம்பரியம் குறித்துப் பேசுவோர் ஆண்டுதோறும் அதன் பெயரைச் சொல்லிக் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலையில் எனக்கும் பங்கு உண்டு என்றாலும், அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் எனக்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மண்டபங்களுக்கும் முன்பு, ஜார்ஜ் டவுனில் வீடுகளே அரங்கங்களாக இருந்தன. தியாகராஜர் சென்னைக்கு வந்தபோது பந்தர் தெருவில் கோவூர் சுந்தர முதலியாரின் இல்லத்தில் தங்கியதாகவும், சீடரான வீணை குப்பையரின் அழைப்பின்பேரில் திருவொற்றியூருக்குச் சென்று வடிவுடையம்மன் மீது ஐந்து கீர்த்தனைகளைப் பாடியதாகவும் அவரது வரலாறு கூறுகிறது. ஏழு கிணறுப் பகுதியில் வீராசாமிப் பிள்ளை தெருவில் வாழ்ந்த வள்ளலார், கந்தகோட்டத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடந்தே சென்று பாடினார். வீணை தனம்மாளின் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த வாசிப்பைக் கேட்க நகரத்தின் மிகத் தேர்ந்த இரசிகர்கள் கூடினார்கள். மெல்லிய நாதம் என்பதால் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வீட்டில்தான் அவருடைய பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாட்டில் தேறினார்கள், பாலசரஸ்வதி வளர்ந்தார். நுழைவுச்சீட்டும் விளம்பரமும் இல்லாத அத்தகைய வீடுகளோடு, தங்கசாலைத் தெருவில் தொண்டை மண்டல துளுவ வேளாளர் பள்ளி போன்ற பொது இடங்களும் இருந்தன. பள்ளி முடிந்த மாலை நேரத்தில் அங்கே கதாகாலட்சேபங்களும் கச்சேரிகளும் நடந்தன. பள்ளிக்கூடத்தை மாலையில் அரங்கமாக்கிய இந்த ஏற்பாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதை மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும்.

நாடகத்துக்கு வந்தால், சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய விக்டோரியா பொது மண்டபத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பார்க் டவுன் வடசென்னையில் சேருமா என்று வழக்காடுபவர்கள் உண்டு. நான் தயங்காமல் எங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். விக்டோரியா அரசியின் பொன்விழாவை ஒட்டி, சிஷோமின் வரைபடப்படி நம்பெருமாள் செட்டி 1880களின் இறுதியில் கட்டிய மண்டபம் அது. ஆச்சாரப்பன் வீதியில் பிறந்த பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நண்பர்களுடன் தொடங்கிய சுகுண விலாச சபை, தன் நாடகங்களை அந்த மேடையில்தான் நடத்தியது. வழக்கறிஞர்களும் அரசு ஊழியர்களும் வேடம் கட்டுவது மரியாதைக் குறைவு என்று கருதப்பட்ட காலத்தில், கூத்தாடிகள் என்ற ஏளனத்தைத் தாங்கிக்கொண்டு அவர்கள் நடித்தார்கள். அதே மண்டபத்தில்தான் 1890களின் பிற்பகுதியில் இந்நகரம் முதல்முதலாகச் சலனப் படங்களையும் பார்த்தது. இதற்கு வடக்கே, வால்டாக்ஸ் சாலையின் ஒற்றைவாடைக் கொட்டகையில் தொழில்முறை நாடகக் கம்பெனிகள் விடிய விடிய ஆடிக்கொண்டிருந்தன. படித்தவர்களின் சபாவும் கம்பெனி நாடகமும் ஒருவருக்கொருவர் எட்டும் தூரத்தில் இருந்தன என்பதே எனக்கு வியப்பளிக்கும் செய்தி.

முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் 1931 அக்டோபர் 31 அன்று திரையிடப்பட்டதும் அந்த வட்டாரத்திலேதான். படச்சுருள் பெட்டி சென்ட்ரலில் வந்திறங்கியபோது, மக்கள் பூத்தூவி, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பிற்காலத்தில் முருகன் டாக்கீஸ் என்று பெயர் மாறிய கினிமா சென்ட்ரல் கொட்டகை வரை ஊர்வலமாக எடுத்துச் சென்றார்களாம். உற்சவ மூர்த்திக்குச் செய்கிற எல்லா உபசாரத்தையும் ஒரு தகரப் பெட்டிக்குச் செய்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து மக்கள் கலையை எந்த இடத்தில் வைத்திருந்தார்கள் என்பதற்கு இதற்கு மேலும் சான்று வேண்டியதில்லை.

பிறகு என்ன நடந்தது என்பது பலரும் அறிந்ததுதான். வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் தெற்கே குடிபெயர்ந்தார்கள், ஆதரித்த செல்வர்களின் வீடுகள் மொத்த வியாபாரக் கிடங்குகளாயின, சபாக்கள் தங்கள் உறுப்பினர்கள் போன திசையிலேயே போயின. இதில் சதி ஒன்றும் இல்லை. எதிர்த் திசையில் நடந்த ஒரே பெரிய முயற்சி தமிழிசைச் சங்கத்தினுடையது. 1943இல் தொடங்கிய அச்சங்கம், 1950களின் தொடக்கத்தில் எஸ்பிளனேடிலேயே ராஜா அண்ணாமலை மன்றத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே நிலைத்தது. டிசம்பர் இசைவிழாவும் பண் ஆராய்ச்சிக் கூட்டமும் இசைக் கருவிகளின் காட்சிக்கூடமும் அந்தக் கட்டடத்தில் இருப்பதை எங்கள் பகுதி மாணவர்களிலேயே பலர் அறிந்திருக்கவில்லை. பர்மா பஜாருக்கு வாரம் தவறாமல் போகிறவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

சபா என்றால் கர்நாடக இசை, உடனே காபியும் பட்டுப்புடவையும் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு பெரம்பூர்ச் செய்தியைச் சொல்ல வேண்டும். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இயங்கிவந்த காலத்தில், செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இருவர் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற பக்திச் சபையை நடத்திவந்தார்கள். பஜனையும் சமயச் சொற்பொழிவும்தான் அதன் வேலை; கேட்க வந்தவர்களில் பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளர்கள். சொற்பொழிவு முடிந்த பிறகும் அவர்கள் கலையாமல் நின்று, போதாத உணவு இடைவேளையையும் மேஸ்திரிகளின் அடி உதைகளையும் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சைச் செவிமடுத்த சபைக்காரர்கள் சுயாட்சி இயக்கத்துக்காரரான பி. பி. வாடியாவை அணுகினார்கள், திரு. வி. கல்யாணசுந்தரனார் வந்து பேசினார்; 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்று நூல்கள் அதைக் குறிப்பிடுகின்றன. புராணம் கேட்பதற்கென்று மாலையில் ஓர் இடம் திறந்திருந்ததால், அதே இடத்தில் கூலி உயர்வைப் பற்றியும் பேச முடிந்தது. ஆலையின் வாசலில் அப்படி நின்று பேசியிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும். ஆலைகள் 1996இல் மூடப்பட்டுவிட்டன. சபையோ அதற்கும் முன்பே மறைந்துவிட்டது. கலை அரங்கம் என்பது ஆடம்பரச் செலவு என்று எவரேனும் என்னிடம் வாதிட்டால், நான் இந்தச் சபையின் கதையைத்தான் சொல்கிறேன்.

ஆலைக்காலம் முடிந்த பிறகு எங்களுக்கு மிஞ்சிய பெரிய கூடங்கள் திரையரங்குகள். தண்டையார்பேட்டை அகஸ்தியா 1967இல் திறந்து, 2020இல் ஊரடங்குக் காலத்தில் மூடிக்கொண்டது. கிரவுன், பாரத் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு போகலாம், போய்ப் பயனில்லை. நகரத்தில் மூடிய கொட்டகைகளின் நிலத்தில் பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்போ கல்யாண மண்டபமோதான் எழுகிறது.

இனி, இன்று எங்கள் தெருக்களில் உயிரோடு இருக்கும் கலைக்கு வருகிறேன். கானாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைத் திரைப்படப் பாடலின் ஒரு வகையாகவே பெரும்பாலும் பார்க்கிறார்கள். அதன் பிறப்பிடமும் பயிற்சிக்கூடமும் சாவு வீட்டுப் பந்தல்தான். இறந்தவரைக் கிடத்தியிருக்கும் இரவில், அவருடைய பெயர், பிறந்த ஊர், செய்த வேலை, விட்டுப்போன பிள்ளைகள் என்று அனைத்தையும் சேர்த்து அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுவது சாதாரணத் திறமை அன்று. டோலக், சட்டி, புல்புல்தாரா, ஒன்றும் கிடைக்காவிட்டால் மேசைப் பலகையும் தீப்பெட்டியும் போதும். 1838இல் மறைந்து இராயபுரத்தில் அடக்கமாகியிருக்கும் சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபுவையும் சித்தர்களையும் தங்கள் முன்னோராகச் சொல்லிக்கொள்ளும் கானாப் பாடகர்கள் உண்டு. நிலையாமையைப் பாடுவதில் இருக்கும் ஒற்றுமையைக் கேட்டால் அந்த உரிமைகோரலில் நியாயம் இருப்பது புரியும். அம்பேத்கரைப் பற்றிய கானாக்களைக் கேட்டுத்தான் எங்கள் பகுதியில் பலர் அரசியல் கற்றார்கள் என்றும் சொல்வேன். நூலகத்தில் படித்தவர்கள் அவர்களுக்கு அடுத்த வரிசைதான்.

இந்தக் கலைக்கு இரவுதான் பொழுது. தெருக்கூத்துக்கும் அப்படியே, ஆடி மாதத்தில் அம்மன் கோயில் வாசல்களில் கூழ் ஊற்றிய பின் நடக்கும் பாட்டுக் கச்சேரிகளும் சீரியல் விளக்குகளின் ஒளியில் இரவு ஏறிய பிறகுதான் களைகட்டும். ஆனால் 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. தூங்க வேண்டிய நோயாளிகளும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் எங்கள் சந்துகளிலும் இருக்கிறார்கள், ஆகவே அந்த விதியை நான் குறைசொல்லவில்லை. அந்த விதியிலேயே இருக்கும் ஒரு விலக்கைத்தான் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்: அரங்கம், கூட்ட அறை, சமூக நலக்கூடம், விருந்து மண்டபம் போன்ற மூடிய கட்டடங்களுக்குள், உள்ளிருப்போருக்காக மட்டும் ஒலிபெருக்கி பயன்படுத்துவதற்கு இரவிலும் தடை இல்லை. அதாவது, சுவர் உள்ளவனுக்கு இரவு உண்டு, சுவர் இல்லாதவனுக்குக் கிடையாது. ஒன்பது மணிக்கே மங்களம் பாடிவிடும் சபாக்களிடம் குளிரூட்டிய அரங்கங்கள் இருக்கின்றன. விடிய விடியப் பாட வேண்டியவர்களிடம் நான்கு மூங்கிலும் ஒரு தார்ப்பாயும் இருக்கின்றன. பத்து மணி அடித்ததும் காவல் வாகனம் வந்து நிற்பதும், குழுவின் மூத்தவர் கைகூப்பிக்கொண்டு போய்ப் பேசுவதும் எங்கள் பகுதியில் கச்சேரியின் ஓர் உருப்படியாகவே ஆகிவிட்டது.

இதற்கிடையே நல்லவையும் நடந்திருக்கின்றன. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்துப் பள்ளி மைதானம் ஒன்றில் முதன்முறையாக மேடையேறியபோது, எங்கள் தெருப் பாடகர்களை முன்வரிசை விளக்கொளியில் நகரம் பார்த்தது. 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' விழா, அந்த மாதம் யாருக்கு உரியது என்ற கேள்வியை நாகரிகமாகவும் உரக்கவும் எழுப்பியது. அரசு நடத்தும் சங்கமம் விழாக்களில் பறையும் கானாவும் பூங்காக்களுக்கு வருகின்றன. இவை எல்லாவற்றையும் நான் வரவேற்கிறேன். ஆயினும் விழா என்பது விருந்தாளியாக அழைக்கப்படுவது. பொங்கல் கழிந்து விளக்குகளைக் கழற்றிய மறுநாள், அந்தக் குழு ஒத்திகை பார்க்க எங்கே போகும் என்று கேட்பவர் இல்லை.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், வியாசர்பாடிப் பக்கம் ஒரு கானாக் குழுவை நடத்துகிறவர், இதைப் பற்றிப் பேசும்போது சொன்னார்: "எங்களுக்கு மண்டபம்னா கல்யாண மண்டபம்தான்ணே. அந்த ஒரு நாள் வாடகைய எடுக்கவே எத்தினி மாசம் பாடணும்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க." அவர்கள் இப்போது ஒத்திகை பார்ப்பது ஒரு நண்பரின் மெக்கானிக் கடையில், கடை மூடிய பிறகு.

முன்னர் சொன்ன பெரிய கவலை இதுதான். விக்டோரியா மண்டபத்தைப் புதுப்பிக்கும் பணியைச் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தின்கீழ் மாநகராட்சி எடுத்துக்கொண்டது. வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை 2023இல் ஆயிரம் கோடி ரூபாய் என்று அறிவித்த அரசு, பின்னர் அத்தொகையைப் பல மடங்கு உயர்த்தியது. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில், வீட்டில் படிக்க இடமில்லாத மாணவர்கள் மேசை நாற்காலியோடு அமர்ந்து படிக்கிறார்கள். இதுவரை செய்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது அதுவே. ஏனெனில் அதில் கோபுரமும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை, தினமும் திறக்கும் கதவு ஒன்று இருக்கிறது. பழைய மண்டபங்களைச் செப்பனிடும்போது, அவற்றைக் கண்காட்சியும் புகைப்படக் கூடமுமாக மாற்றி, மேடையை மட்டும் எட்டாத வாடகைக்கு வைத்துவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. பம்மல் சம்பந்த முதலியாரின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, இன்றைய நாடகக் குழுவைக் கட்டணத்தால் விரட்டினால், மண்டபத்தை மீட்டதாகக் கொள்ள முடியாது.

எங்களுக்கு வேண்டியது ஆயிரம் இருக்கை அரங்கம் அல்ல. நூறு, நூற்றைம்பது பேர் அமரக்கூடிய கூடம். அதிக உயரமில்லாத மேடை. பெண் கலைஞர்கள் உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் கழிப்பறையும். ஒலி தெருவுக்குப் போகாதபடி அடைத்த சுவர்கள். புதிதாகக் கட்ட வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. மாநகராட்சியின் சமூக நலக்கூடங்களில் வளைகாப்பும் காதணி விழாவும் முகூர்த்த நாட்களிலும் விடுமுறைகளிலும்தான் நெருக்குகின்றன. வாரநாள் மாலைகளில் சில கூடங்களைக் கலைக்குழுக்களுக்கென்று ஒதுக்கி, ஒத்திகைக்கு ஒரு வாடகையும் நிகழ்ச்சிக்கு ஒரு வாடகையும் என்று பிரித்து அறிவித்தாலே பாதிக் குறை தீரும். தொண்டை மண்டலப் பள்ளியில் நூறாண்டுக்கு முன் செய்ததை இன்றைய மாநகராட்சிப் பள்ளிகளிலும் செய்யலாம். சாவி யாரிடம் இருக்கும் என்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் சாவி கட்சிக்காரரின் சட்டைப்பையில் இருக்கும் கூடத்தில் மாற்றுக் கருத்துள்ள நாடகம் நடக்காது. பகுதிக் கலைஞர்களும் பள்ளித் தலைமையாசிரியரும் இடம்பெறும் ஒரு சிறு குழுவிடம் நாட்குறிப்பேடும் சாவியும் இருப்பதே சரி.

கானாவைக் கூரைக்குள் அடைத்தால் அதன் உயிர் போய்விடும், அது சபாக் கச்சேரியாகிவிடும் என்று என் நண்பர் ஒருவர் கடுமையாக எதிர்த்தார். அவர் வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட இயலாது. கோயில் திருச்சுற்றிலும் வீட்டுக் கூடத்திலும் பாடிய இசை சபாவுக்குள் புகுந்தபோது எவ்வளவு மாறியது, அதைக் காத்துவந்த தனம்மாள் மரபுப் பெண்களில் எத்தனை பேர் ஓரங்கட்டப்பட்டார்கள் என்பதெல்லாம் கண்முன் இருக்கிறது. அதே கேள்வியைக் குழு நடத்தும் இளைஞரிடம் கேட்டபோது அவர் சிரித்தார். "சாவு வூட்டுக்கு எவனும் டிக்கெட்டு வாங்கினு வரமாட்டான்ணே, அது எப்பவும் இருக்கும். எங்க பசங்க கத்துக்கிறதுக்கு ஓர் எடம் வோணும், அவ்ளோதான்." பந்தலா மண்டபமா என்று நாங்கள் வழக்காடிக்கொண்டிருக்க, அவர் கேட்டது பந்தலுக்கு மாற்றாக அல்ல, பந்தலோடு சேர்த்து ஓர் அறையை.

இரவில் வந்துபோக வண்டி கிடையாது என்ற பழைய சாக்கும் இப்போது பொருந்தாது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, அடையாற்றிலிருந்தும் அண்ணாநகரிலிருந்தும் ஒரு இரசிகர் தண்டையார்பேட்டைக்கோ திருவொற்றியூருக்கோ மாலையில் வந்து நிகழ்ச்சி பார்த்துவிட்டு அன்றிரவே வீடு திரும்ப முடியும். முதல் பரிசோதனையை மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் உள்ள ஒரே ஒரு சமூக நலக்கூடத்தில், வாரம் இரண்டு மாலை என்ற கணக்கில் ஓராண்டுக்குச் செய்து பார்க்கலாம். ஒரு மாலை கானாவுக்கும் நாடகத்துக்கும், இன்னொரு மாலை பாட்டும் பரதமும் கற்கும் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கும். இந்த யோசனையை மனுவாக எழுதி எங்கள் வார்டு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். தத்தம் வார்டுகளிலும் கொடுக்க விரும்புகிறவர்கள், ஒலிமாசு விதியின் மூடிய கட்டட விலக்கையும் மனுவில் மறக்காமல் எழுதுங்கள். அதிகாரிகள் முதலில் எழுப்புகிற ஆட்சேபம் சத்தத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.